போட்ஸ்வெயினா, போஸனா? கப்பல் வேலைக்குப் போற நம்ம பக்கத்துப் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ஏர்வாடி, கீழக்கரை, தொண்டின்னு நம்ம கடக்கரைப் பசங்க நிறையப் பேரு இப்ப ஜி.பி. ரேட்டிங் கோர்ஸ் (கப்பல்ல அடிப்படை வேலைக்குச் சேர்றதுக்கான பயிற்சி) முடிச்சு சி.டி.சி. (மாலுமிக்கான அடையாளப் புத்தகம்) வாங்கி மெர்ச்சன்ட் நேவி பக்கம் போறாங்க. நீச்சல் தெரியும், முடிச்சுப் போடத் தெரியும், காத்து மாறப்போகுதுன்னா ஆபீசருக்கு முன்னாடியே தெரியும், ஆனா புத்தகத்துல இருக்க இங்கிலீஷ் வார்த்தைய வாயத் தொறந்து சொல்லச் சொன்னா மட்டும் திக்குது. அதுல முதலிடம் பிடிக்கிற வார்த்தை ஒண்ணு இருக்கு, பி, ஓ, ஏ, டி, எஸ், டபிள்யூ, ஏ, ஐ, என். டெக் வேலைக்காரங்களுக்கு மேஸ்திரி மாதிரி இருக்கவரோட பதவிப் பேரு. சீஃப் ஆபீசர் சொல்றத வாங்கி ஆளுகளுக்குப் பிரிச்சுக் குடுத்து வேலைய முடிக்கிறவரு. அந்தப் பேர வச்சும், அத ஒட்டியும் வர்ற கேள்விகளுக்கு இங்க பதில்.

அண்ணே, அந்த வார்த்தைய எப்படித்தான் சொல்றது?

போஸன். அவ்வளவுதான். நடுவுல இருக்க டி வராது, டபிள்யூ வராது, ஏ-ஐ ரெண்டும் சேந்து 'எய்'னு வராது. போட்ஸ்வெயின்னு யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா அவங்க கப்பல் பக்கம் போகாதவங்க, புத்தகத்த மட்டும் பாத்தவங்க.

அப்படி எழுதிட்டு ஏன் இப்படிப் படிக்கணும்? வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்லையா?

நியாயமான கோவம்தான். ஆனா இந்தக் கேள்விய தமிழன் கேக்கலாமான்னு எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஏன்னா 'வந்துகொண்டிருக்கிறான்'னு எழுதிட்டு 'வந்துக்கிட்டுருக்கான்'னு பேசுறது நாமதான், இராமநாதபுரம்னு போர்டுல எழுதிட்டு ராம்நாட்டுக்கு ஒரு டிக்கெட் குடுங்கன்னு கேக்குறதும் நாமதான். எழுத்துக்கு ஒரு நடை, பேச்சுக்கு ஒரு நடைன்னு நமக்குப் பொறந்ததுல இருந்தே பழக்கம். இங்கிலீஷ்காரன் பண்ணதும் இதேதான், ஒரே வித்தியாசம், அவன் அத யார்கிட்டயும் சொல்லிக்கிறதில்ல.

இது ரெண்டு வார்த்தை ஒட்டி வந்தது. முதல் பாதி போட், ரெண்டாவது பாதி ஸ்வெயின். ஸ்வெயின்ங்கிறது வடக்கு ஐரோப்பாவுல இருந்து வந்த வைக்கிங் ஆளுக பேசின பழைய நார்ஸ் பாஷைல இருந்து வந்தது, பையன், வேலையாள்னு அர்த்தம். அதாவது படகுப் பையன், படகு ஆளு. ஆயிரம் வருஷப் பழசு. இப்படி ரெண்டு வார்த்தை ஒட்டுச்சுன்னா இங்கிலீஷ்ல அழுத்தம் முழுக்க முதல் பாதிக்குப் போயிரும், பின்பாதி தேஞ்சு போயிரும். கப்பல்ல காத்து, அலை சத்தத்துக்கு நடுவுல தெனம் நூறு தடவ கூப்புடுற பேரு வேற, தேயாம என்ன செய்யும்? வாய் தேஞ்சிருச்சு, ஸ்பெல்லிங் மட்டும் பழைய உருவத்துலயே நின்னுருச்சு.

உங்க வீட்டுக்குள்ளேயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. நாம கப்போர்டுன்னு சொல்றோமே, அது கப்பும் போர்டும் ஒட்டினது, இங்கிலீஷ்ல அத கபர்ட்னுதான் சொல்வாங்க, கப்புல இருக்க பி-யும் இல்ல போர்டும் இல்ல. ப்ரேக்கும் ஃபாஸ்ட்டும் சேந்து ப்ரெக்ஃபஸ்ட் ஆனதும் அப்படித்தான்.

போஸன்ல வர்ற 'போ' எந்தப் போ? நான் சொன்னா வேற மாதிரி கேக்குதுங்கிறாங்க.

இதுதான் நம்மாளுக்கு நெஜமான சிக்கல், டி வருதா வரலையாங்கிறது இல்ல. தமிழ் எழுத்துல ப ஒண்ணுதான், ஆனா சத்தம் ரெண்டு இருக்கு. நாம வார்த்தை ஆரம்பத்துல வந்தா பெரும்பாலும் உதட்ட இறுக்கிச் சொல்லுவோம், நடுவுல ம் பக்கத்துல வந்தா தொண்டை அதிரச் சொல்லுவோம். பாம்பன்னு சொல்லிப் பாருங்க. முதல்ல வர்ற பா ஒண்ணு, ம்முக்கு அப்புறம் வர்ற ப வேற ஒண்ணு. தொண்டைல வெரல வச்சுக்கிட்டு சொன்னா ரெண்டாவதுக்கு அதிர்றது தெரியும். அந்த ரெண்டாவது ப-தான் போஸனுக்கு வேணும். பாம்பன்காரங்களுக்கு ஊரு பேர்லயே பாடம் இருக்கு, வேற டீச்சர் தேவையில்ல.

பெர்த், போர்ட், பிட், பேன்னு கப்பல்ல வர்ற வார்த்தை எல்லாத்துலயும் இத கவனிக்கணும். கப்பலோட இடது பக்கம் போர்ட், அதுக்கு இறுக்கின ப. படகு போட், அதுக்கு அதிர்ற ப. அதிர்றத மாத்தினா வார்த்தையே மாறிரும்.

அடுத்தது அழுத்தம். நாம எல்லா அசையையும் ஒரே அளவுல நிறுத்தி நிறுத்தி சொல்லுவோம், போ-ஸன். இங்கிலீஷ்ல 'போ' மேல ஏறி அழுத்தி சொல்லிட்டு 'ஸன்'ன வந்ததும் தெரியாம போனதும் தெரியாம விட்டுறணும். அதுல இருக்க 'அ' ஒரு அரைகுறை அ. 'ஸன்'ன இழுத்தா சூரியன்னு கேக்கும். கடைசில ஒரு உகரத்த ஒட்ட வச்சு போஸனுன்னும் சொல்லாதீங்க, போட்டு, ஷிப்பு, நெட்டுன்னு நமக்குள்ள பேசுறப்ப பரவாயில்ல, ரேடியோல அந்த உ தனியா ஒரு அசையா கேட்டு கொழப்பும்.

இயற்பியல்ல போஸான்னு ஒண்ணு படிச்சேனே, அதுவா இது?

இல்ல தம்பி, அது சத்யேந்திர நாத் போஸ் பேர்ல வச்ச துகள். அதுல கடைசி 'ஆன்' தெளிவா வரும். இந்த போஸன் பெயிண்ட் டப்பாவோட அலையிறவரு.

இன்டர்வியூல போட்ஸ்வெயின்னு சொல்லிட்டா வேலை போயிருமா?

அதுக்காக யாரும் வெளிய அனுப்ப மாட்டாங்க. ஆனா எதிர்ல உக்காந்திருக்க கேப்டனுக்கு ஒரு விஷயம் புரிஞ்சிரும், இந்தப் பையன் இத வாசிச்சிருக்கான், கேட்டதில்லன்னு. ட்ரெயினி ஓ.எஸ்ஸுக்கு (டெக்ல கீழ்ப்படி மாலுமி) அது பெரிய குத்தமில்ல. ஏ.பி. (அதுக்கு மேல்படி மாலுமி) ஆயிட்டு அடுத்து அந்தப் பதவிக்கே போகப்போற ஆளு அந்தப் பதவி பேர தப்பா சொன்னா மட்டும் நல்லாருக்காது.

எனக்குத் தெரிஞ்சு நம்ம பசங்க செய்ற பெரிய தப்பு வேற. தப்பா சொல்லிருவோமோன்னு பயந்துக்கிட்டு வார்த்தையவே சொல்லாம 'தட் மேன் சார்', 'டெக் லீடர் சார்'னு சுத்தி வளைக்கிறாங்க. அதுக்கு போட்ஸ்வெயினே மேல், தைரியமா சொல்லு, அவங்க திருத்துவாங்க.

எழுதும்போது எப்படி எழுதணும்?

ரெண்டும் செல்லும். நீளமான ஸ்பெல்லிங்கும் சரி, சத்தத்துக்கு ஏத்த மாதிரி பி, ஓ, எஸ், யு, என்னு எழுதுற குட்டி ஸ்பெல்லிங்கும் சரி. கப்பல் க்ரூ லிஸ்ட்ல குட்டிதான் அதிகமா பாப்பீங்க. அரசாங்க ஃபாரம், சர்டிஃபிகேட்ல அச்சடிச்சது எப்படியோ அப்படியே பாத்து எழுதுங்க, அங்க போயி புத்திசாலித்தனம் வேணாம்.

இதே மாதிரி ஏமாத்துற கப்பல் வார்த்தை வேற என்னென்ன இருக்கு?

கடல் சம்பந்தப்பட்ட வார்த்தையிலதான் இந்த வேலை ரொம்ப அதிகம், ஏன்னா எழுதப் படிக்கத் தெரியாத மாலுமிங்க வாயிலதான் அதெல்லாம் வளந்துச்சு.

முதல்ல போஸனோட கூடப் பொறந்தது காக்ஸன். சி, ஓ, எக்ஸ் போட்டு அதே ஸ்வெயின் பின்னாடி வரும். சின்னப் படகு ஓட்டுறவரு, நம்ம பாஷைல சுக்கான் பிடிக்கிறவரு. ரோந்துப் படகு, லாஞ்சு வேலைக்கு நோட்டிஃபிகேஷன் வந்தா இந்தப் பேரு இருக்கும், காக்ஸ்வெயின்னு படிச்சிறாதீங்க.

கப்பலோட முன் மேல்தளத்துக்குப் பேரு ஃபோக்ஸல். எழுதுறது ஃபோர்-காஸில்னு, அதாவது முன்பக்கக் கோட்டை. பழைய காலத்துச் சண்டைக் கப்பல்ல முன்னாடி நெஜமாவே கோட்டை மாதிரி மரத்துல கட்டி மேல நின்னு அம்பு விட்டாங்க. கோட்டையும் போச்சு, அந்தச் சத்தமும் போச்சு, எழுத்து மட்டும் நிக்குது. நங்கூரம் போடுறப்பவும் எடுக்குறப்பவும் போஸன் நிக்கிற இடம் இதுதான், அதனால இந்த ரெண்டு வார்த்தையும் ஒரே வாக்கியத்துல வந்துக்கிட்டே இருக்கும். நங்கூரம் எடுக்குற மெஷின் விண்ட்லஸ், கடைசி எழுத்த இழுத்து லாஸ்னு சொல்லக்கூடாது.

படகோட மேல் விளிம்பு, நாம கை வச்சு ஏறுவோமே, அதுக்கு கனல். டனல், ஃபனல் மாதிரி சொல்லணும், நெருப்புக் கனல் இல்ல. எழுதுறது கன்னும் வேலும் ஒட்டி கன்வேல் மாதிரி இருக்கும், அங்கதான் பீரங்கிய வச்சாங்க, அதான் கன்.

கப்பல கயிறு போட்டு நிறுத்துற துறைமேடைக்கு கீ. சாவிக்குச் சொல்றோமே அதே கீ. எழுத்து க்யூல ஆரம்பிச்சு யு, ஏ, ஒய்னு போகும், பாத்தவுடனே க்வேன்னு வாய் தொறக்கும். முன்னாடி அவங்களும் சத்தத்துக்கு ஏத்த மாதிரி கே-ல தொடங்கித்தான் எழுதிட்டிருந்தாங்க, பின்னால பிரெஞ்சுக்காரன் ஸ்பெல்லிங்க பாத்து எழுத்த மாத்திட்டாங்க, சத்தத்த மாத்தல.

மிதவைக்கு பாய். பி, யு, ஓ, ஒய். இத புதுசா கத்துக்க வேண்டியதே இல்ல, நம்ம பாட்டி காலத்துல இருந்து சரியாத்தான் சொல்லிட்டு வர்றோம். லைஃப்பாய் சோப்பு. அந்த செவப்பு சோப்பு உறைல இருக்க ஸ்பெல்லிங்க ஒரு தடவ உத்துப் பாருங்க, பையனுக்கு இருக்க பாய் இல்ல, மிதவை பாய். லைஃப்பாய்னா தண்ணில விழுந்தவனுக்குத் தூக்கிப் போடுற உயிர்காப்பு மிதவைதான். 1890கள்ல லீவர் பிரதர்ஸ் வச்ச பேரு. அமெரிக்காக்காரன் மட்டும் இதையே பூயின்னு சொல்லுவான், கேட்டா சிரிக்காதீங்க.

கப்பலோட அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, பௌ, 'கௌ'ன்னா மாடு, அந்த ஓசை. ஆனா அதே எழுத்து வில்லுக்கும் முடிச்சுக்கும் வந்தா போ. நாம போடுற போலைன் முடிச்சு இருக்கே, அதுல போ தான் வரும், அந்த முடிச்சோட பேருல பின்பாதி லைன் தேஞ்சு லின்னாகி போலின்னும் சொல்லுவாங்க. ஆழம் பாக்க விடுற ஈயக்குண்டு லெட், லீடர்ல வர்ற லீட் இல்ல. கப்பல் தண்ணிக்குள்ள எவ்வளவு முங்கியிருக்குன்னு சொல்ற அளவு ட்ராஃப்ட், எழுத்துல ஜி-எச் இருக்கும், ஏமாந்து ட்ராட்னு சொல்லிறாதீங்க. காத்துக்கு மறைவான பக்கம் கரைல இருக்கவன் வாயில லீவர்ட், கப்பல்காரன் வாயில லூவர்ட். கச்சான் காத்து அடிக்கிறப்ப எந்தப் பக்கம் படகத் திருப்பணும்னு நமக்குச் சொல்லித்தர வேணாம், வார்த்தைய மட்டும் தெரிஞ்சுக்கிட்டா போதும்.

காக்கா, எங்க அப்பா அந்தப் பதவிய சாரங்குன்னுதான் சொல்வாரு. அது தப்பா? (கீழக்கரைல இருந்து ஒரு தம்பி, அங்க அண்ணன காக்கான்னுதான் கூப்புடுவாங்க)

தப்பே இல்ல, உங்க வாப்பா சொல்றது இன்னும் கெத்தான பேரு. பிரிட்டிஷ்காரன் கப்பல்ல நம்ம நாட்டு ஆளுங்கள லஸ்கர்னு சொல்வாங்க, அந்த லஸ்கர் கூட்டத்துக்குத் தலைவர் சாரங்கு. பாரசீகத்துல தளபதிக்குச் சொல்ற ஒரு வார்த்தைல இருந்து வந்தது. பழைய ஆளுங்க, மும்பை கப்பல் ஆளுங்க இன்னமும் செராங்னு சொல்றத கேக்கலாம். இப்ப ஃபிலிப்பைன்ஸ்காரன், உக்ரைன்காரன் கூட வேலை பாக்குற கப்பல்ல சாரங்குன்னா யாருக்கும் தெரியாது, அங்க போஸன். வீட்டுல வாப்பாகிட்ட சாரங்குன்னே சொல்லுங்க.

நம்ம தமிழ் வாடையே வராம பேசணுமா?

வேண்டாம். இத தெளிவா சொல்லிறேன், ஏன்னா இத சொல்லித்தான் நிறைய பேரு காசு பறிக்கிறாங்க, 'அமெரிக்கன் ஆக்சென்ட் 30 நாள்ல'ன்னு. ஆக்சென்ட் வேற, உச்சரிப்பு வேற. ராமேஸ்வரத்துல பொறந்த அப்துல் கலாம் ஐயா 2007 ஏப்ரல்ல ஐரோப்பிய பார்லிமென்ட்ல போயி நின்னு பேசினப்ப சுத்தமா நம்ம ஊரு இங்கிலீஷ்லதான் பேசினாரு, யாதும் ஊரே யாவரும் கேளிர்னு தமிழயும் சேத்து சொன்னாரு, அத்தனை நாட்டுக்காரனும் கேட்டான். அந்த வாடை யாருக்கும் தொந்தரவு இல்ல. கபர்ட்ட கப்-போர்டுன்னு சொன்னாலோ, போர்ட்டுக்கும் போட்டுக்கும் வித்தியாசம் தெரியாம சொன்னாலோதான் வேலை கெடும்.

கலாம் படிச்ச ராம்நாட் பள்ளிக்கூடத்து பேரே இந்தக் கூட்டத்துல ஒண்ணுதான். சுவார்ட்ஸ்னு சொல்றோம், எழுதுறோம். 18ஆம் நூற்றாண்டுல நம்ம பக்கம் சுத்தின ஜெர்மன் பாதிரியாரு பேரு அது, அவங்க ஊர்ல கேட்டா ஷ்வார்ட்ஸ்னுதான் சொல்லுவாங்க. அதுக்காக நாளைக்குப் போயி ஆட்டோக்காரர்கிட்ட ஷ்வார்ட்ஸ் ஸ்கூல் போகணும்னு சொன்னா அவரு உங்கள எங்கயாச்சும் கொண்டு போயி விட்டுருவாரு.

பிரிட்டிஷா அமெரிக்கனா, எத பிடிக்க?

இந்தியாவுல படிச்சு இந்திய ஆபீசர்கிட்ட வேலை பாக்கப்போறவனுக்கு பிரிட்டிஷ் பக்கமே வசதி. லெஃப்டினன்ட்னு நம்ம நேவில சொல்றது அதான், அமெரிக்கன்ல லூட்டினன்ட். கர்னல் மட்டும் ரெண்டு ஊர்லயும் ஒண்ணுதான், எழுத்துல எல் இருக்கும் வாயில ஆர் வரும். பிரெஞ்சுல இருந்து சத்தத்த எடுத்துக்கிட்டு இத்தாலியில இருந்து ஸ்பெல்லிங்க எடுத்துக்கிட்டாங்க, அதான் இந்தக் கூத்து.

ரேடியோல நம்பர் சொல்றப்ப 'ட்ரீ'ங்கிறாங்க. அது நம்மாளு தப்பா சொல்றதுதானே?

இந்தக் கேள்வி வந்தா எனக்கு குஷியாயிரும். அது தப்பு இல்ல, அதான் சட்டம். சர்வதேச கடல்சார் அமைப்பு, ஐ.எம்.ஓ., 2001ல கப்பலுக்குன்னு ஒரு கட்டு வாக்கியங்கள ஏத்துக்கிச்சு, எஸ்.எம்.சி.பி.ன்னு சுருக்கமா சொல்வாங்க. உலகத்துல எந்த நாட்டு மாலுமியும் இன்னொரு நாட்டு மாலுமிகிட்ட கொழப்பமில்லாம பேசணும்னு செஞ்சது. அதுல மூணுக்கு ட்ரீ, நாலுக்கு ஃபோ-வர், அஞ்சுக்கு ஃபைஃப், ஒம்பதுக்கு நைனர், ஆயிரத்துக்கு டவுசண்ட். நாக்கப் பல்லுக்கு நடுவுல வச்சு ஊதுற அந்த 'த்' சத்தம் இருக்கே, இங்கிலீஷ் கிளாஸ்ல அதுக்குத்தானே வாத்தியார் நம்மள பாடாப்படுத்துனாரு, கடல்ல அத அவங்களே தூக்கிட்டாங்க. கரகரன்னு இருக்க ரேடியோல அது காதுல விழாது. ஃபைவும் நைனும் ஒண்ணு போல கேக்கும், அதான் ஒண்ணுக்கு ஃபைஃப், இன்னொண்ணுக்கு நைனர்.

நம்பர தனித்தனியா சொல்லணும். 150ன்னா ஒன் ஃபிஃப்டி கிடையாது, வன், ஃபைஃப், சீரோ. சுக்கானுக்கு ஆர்டர் குடுக்குறப்ப மட்டும் ஃபிஃப்டீன், ட்வென்டின்னு முழுசா சொல்லலாம்.

எழுத்து சொல்றதுக்கும் அதே மாதிரி ஆல்ஃபா, ப்ராவோ, சார்லின்னு வரிசை இருக்கு, நம்ம ப சிக்கலுக்கு இதுதான் மருந்து, பாப்பான்னா ஒரு எழுத்து ப்ராவோன்னா இன்னொரு எழுத்து, யாரும் கொழம்ப முடியாது. அந்த வரிசைல ஒரே ஒரு இடத்துல மட்டும் நம்மாளு வழுக்குவான், க்யூவுக்கு வர்ற ஊரு பேரு. க்விபெக் இல்ல, கெபெக்.

நான் கப்பலுக்குப் போகல, நாட்டுப்படகுதான். எனக்கு இதுல என்ன தெரிஞ்சுக்கணும்?

வி.எச்.எஃப். செட் (படகு ரேடியோ) வச்சிருந்தா மூணு வார்த்தை. உயிருக்கு ஆபத்துன்னா மேடே, மூணு தடவ சொல்லணும். சேனல் 16ல. படகு பேரு, எங்க இருக்கீங்க, என்ன ஆச்சு, என்ன உதவி வேணும், எத்தனை பேரு, இந்த வரிசைல. இந்த மேடேக்கும் மே மாசம் ஒண்ணாந்தேதிக்கும் சம்பந்தமில்ல, 'எனக்கு உதவுங்க'ங்கிற பிரெஞ்சு வார்த்தையோட சத்தம், 1920கள் தொடக்கத்துல லண்டன் பக்கத்துல குராய்டன் ஏர்போர்ட்ல இருந்த ரேடியோ ஆபீசர் ஒருத்தரு கொண்டு வந்தது.

உயிருக்கு உடனே ஆபத்தில்ல, ஆனா அவசரம், இன்ஜின் நின்னு இழுத்துக்கிட்டுப் போகுதுன்னா பான்-பான், அதையும் மூணு தடவ. 'பேன் பேன்'னு தலைல இருக்கறத சொல்லாதீங்க. எச்சரிக்கை மட்டும்னா, வழில கட்டை மிதக்குது, மிதவை அறுந்து கிடக்குதுன்னா, செக்யூரிட்டே. கடைசில 'ட்டே' வரும், பேங்க் வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி இல்ல.

இங்கிலீஷே வரலன்னாலும் பரவாயில்ல, மேடேய மட்டும் சரியா சொல்லிட்டு மிச்சத்த தமிழ்லயே கத்துங்க, மண்டபத்துல கோஸ்ட் கார்டு ஸ்டேஷன் இருக்கு. ஃபோன் சிக்னல் இருந்தா 1554, கோஸ்ட் கார்டோட கடல் மீட்பு நம்பர். இத வீட்டுல அம்மா, தங்கச்சிகிட்டயும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க.

அக்கா தனுஷ்கோடில டூரிஸ்ட் கைடா இருக்காங்க. ஐஸ்லாண்ட்னு சொல்றாங்க, சரியா?

ஐலண்ட். எஸ் வாயத் தொறக்காது. மன்னார் வளைகுடாவுல நமக்கு 21 தீவு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஐஸ்லாண்ட்னு சொன்னா அக்காவுக்கு பாவம் வாய் வலிக்கும். முதல்ல அந்த வார்த்தைல எஸ்ஸே கிடையாது. தீவுக்கு லத்தீன் வழியா வந்த இன்னொரு வார்த்தைல எஸ் இருக்கேன்னு படிச்ச மேதைங்க இதுக்கும் சேத்து ஒண்ணு சொருகி விட்டாங்க. ரெண்டுக்கும் உறவே இல்ல.

இன்னொண்ணும் அக்காகிட்ட சொல்லுங்க. தனுஷ்கோடிக்கு வடக்குப் பக்கக் கடலுக்கு மெட்ராஸ்ல கவர்னரா இருந்த ராபர்ட் பால்க் பேரத்தான் வச்சிருக்கு. எழுத்துல எல் இருக்கு, நம்ம பாடப் புத்தகத்துல பாக் நீரிணைன்னு எல் இல்லாமத்தான் எழுதுறோம், டாக், வாக், சாக்குன்னு எல் விழுங்குற வரிசை மாதிரியே. பாக்னு கேட்டதும் சில வடநாட்டு டூரிஸ்ட்டு பாகிஸ்தானான்னு முழிப்பாங்க, அவங்ககிட்ட மட்டும் எல்ல கொஞ்சம் காட்டி பால்க்னு சொல்லிக்கலாம், யாரும் வழக்குப் போட மாட்டாங்க.

கட்டுமரத்த இங்கிலீஷ்ல எப்படி சொல்லணும்?

கேட்டமரேன், கடைசி அசைல அழுத்தம். நம்மகிட்ட இருந்து வாங்கிட்டுப் போயி ரெண்டு உடம்பு வச்ச சொகுசுப் படகுக்குப் பேரா வச்சுட்டாங்க, மரத்தக் கட்டினதும் இல்ல ஒண்ணும் இல்ல. கயிறும் அப்படித்தான் நம்ம கரைப் பக்கத்துல இருந்து போயி கொயர் ஆச்சு. வெளிநாட்டுக்காரன்கிட்ட அவன் மாதிரி சொல்லுங்க, ஆனா 'அது எங்க வார்த்தை'ன்னு ஒரு வரி சேத்துச் சொல்லுங்க, டிப்ஸ் கூடும்.

ஒரு புது வார்த்தை வந்தா சரியான உச்சரிப்ப எங்க பாக்குறது?

ஃபோன்ல டிக்ஷனரி தொறந்து அந்த ஸ்பீக்கர் படத்த அமுக்குங்க. ஆனா கேட்டா மட்டும் போதாது, பக்கத்துல கோடு கோடா போட்ட எழுத்தயும் பாருங்க. அதுல ரெண்டே விஷயம் தெரிஞ்சா போதும். மேல நிக்கிற குட்டிக் கோடு, அதுக்கு அடுத்து வர்ற அசைலதான் அழுத்தம். தலைகீழா திருப்பிப் போட்ட மாதிரி ஒரு இங்கிலீஷ் இ எழுத்து வரும், அது வந்தா அந்த இடத்த முழுசா சொல்லக்கூடாது, அரைகுறை அ. போஸன், காக்ஸன், ஃபோக்ஸல், கனல், விண்ட்லஸ் எல்லாத்துலயும் கடைசில அதான் உக்காந்திருக்கும். யூட்யூப்ல ரோபோ குரல்ல உச்சரிப்பு சொல்ற வீடியோ நிறைய சுத்துது, கப்பல் வார்த்தைக்கு அத நம்பாதீங்க, பாதி வீடியோ ஸ்பெல்லிங்க அப்படியே வாசிக்குது.

அப்புறம் தமிழ்ல எழுதி வச்சு மனப்பாடம் பண்றவங்களுக்கு, எழுதுங்க, நானும் இங்க அதத்தான் பண்ணியிருக்கேன், ஆனா ப, க, ட எல்லாம் ரெண்டு ரெண்டு சத்தம்ங்கிறது ஞாபகம் இருக்கட்டும், அதிர்ற எழுத்துக்குக் கீழ ஒரு கோடு போட்டுக்கோங்க.

சரியா சொன்னா கூட்டாளிங்க 'பெரிய துரை'ன்னு ஓட்டுறானுங்க.

ஓட்டட்டும். ஊர்ல டீக்கடைல உக்காந்து ப்ரெக்ஃபஸ்ட்னு நாக்கச் சுழட்டினா நானும் ஓட்டுவேன். இடம் பாத்துப் பேசுறது நமக்குத் தெரியாததா, சம்மாட்டிகிட்ட (படகு முதலாளி) ஒரு பேச்சு, மாமியார்கிட்ட ஒரு பேச்சுன்னு இருக்கவங்கதானே.

வார்த்தையெல்லாம் பழகிட்டேன், ஆனா கேப்டன் வேகமா சொன்னா ஒண்ணும் புரியல. என்ன பண்ண?

'சே அகெய்ன்'னு கேளுங்க. அதுவும் எஸ்.எம்.சி.பி.ல இருக்க வாக்கியம்தான், மரியாதைக் குறைவு கிடையாது. புரியாம 'யெஸ் சார்'னு தலைய ஆட்டுறதுதான் ஆபத்து, அதுவும் நம்ம தலையாட்டல் ஆமாவா இல்லையான்னு வெளிநாட்டுக்காரனுக்கு சுத்தமா விளங்காது. சுக்கான் பிடிக்கிற எடத்துல நின்னா விதியே இருக்கு, குடுத்த ஆர்டர வார்த்தை மாறாம திருப்பிச் சொல்லணும். அவரு 'ஸ்டார்பர்ட் டென்'னா நீங்களும் சத்தமா 'ஸ்டார்பர்ட் டென்', சுக்கான் அங்க வந்து நின்னதும் வந்துருச்சுன்னு மறுபடி ஒரு தடவ. நீங்க தப்பா கேட்டிருந்தா அந்த முதல் தடவையிலயே அவரு பிடிச்சிருவாரு.